கரடிக்கு ஒரு விலை, கோட்டுக்கு ஒரு விலை

2018 ஜூலையில், லண்டன் சோதபீஸ் ஏலத்தில், ஒரு காட்டின் வரைபடம் 4,30,000 பவுண்டுக்குப் போனது. உலகத்தில் எங்கும் இல்லாத காடு அது. வின்னி த பூ என்ற கரடிப் பொம்மையும் அதன் கூட்டாளிகளும் சுற்றித் திரிகிற நூறு ஏக்கர் காடு. 1926-ல் வந்த முதல் புத்தகத்தின் அட்டையைத் திறந்ததும் கண்ணில் படுவதற்காக ஈ. எச். ஷெப்பர்ட் பேனாவும் மையுமாக வரைந்தது. கதையில் வருகிற சிறுவன் கிறிஸ்டோபர் ராபினே எழுதியதுபோல, எழுத்துப் பிழையோடு, 'நான் வரைந்தேன், மிஸ்டர் ஷெப்பர்ட் கூடமாட உதவினார்' என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும். ஒரு லட்சத்திலிருந்து ஒன்றரை லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று ஏலக்காரர்கள் மதிப்பிட்டிருந்தார்கள். புத்தக ஓவியம் எதற்கும் ஏலத்தில் அதுவரை அவ்வளவு கிடைத்ததில்லை. நாலு வருடம் முன்னால், 2014 டிசம்பரில், கிறிஸ்டோபர் ராபினும் கரடியும் பன்றிக்குட்டியும் பாலத்தின் மேல் நின்று கீழே ஓடும் ஆற்றைப் பார்க்கிற ஷெப்பர்டின் படம் 3,14,500 பவுண்டுக்குப் போயிருந்தது.

ஊருக்கு போன் பேசும்போது அக்காவிடம் இதைச் சொன்னேன். "ஏட்டி, அந்தத் துட்டுக்கு நம்ம ஊர்ல நெசக் காடே வாங்கிப் போட்டிரலாமே" என்றாள்.

நான் வடக்கு லண்டனில் ஒரு ஃபிரேம் கடையில் வேலை பார்க்கிறேன். கல்யாணப் போட்டோ, பட்டமளிப்பு, கால்பந்து வீரர்கள் கையெழுத்துப் போட்ட பனியன், இவைதான் எங்கள் அன்றாடப் பிழைப்பு. நடுவில் அவ்வப்போது புத்தக ஓவியங்களும் வரும். அப்படித்தான் பைத்தியம் பிடித்தது. கையில் கொஞ்சம் மிச்சம் பிடித்து, பெயர் தெரிந்ததும் தெரியாததுமாகச் சில படங்களை வாங்கி வைத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் வளர்ந்தவள் நான். எங்கள் பள்ளி நூலகத்தில் பூ கரடியும் கிடையாது, பீட்டர் முயலும் கிடையாது. சோவியத் நாட்டிலிருந்து வந்த வழவழப்பான தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன, அதில் வருகிற கரடி வேறு கரடி. அதனால் இந்த ஊர்க்காரர்கள் ஒரு படத்தைப் பார்த்ததும் கண் கலங்கி நிற்கிறார்களே, அது எனக்கு வராது. முதலில் அதை ஒரு குறையாக நினைத்திருந்தேன். இந்தச் சந்தையில் அது பெரிய சௌகரியம் என்று பிறகுதான் தெரிந்தது.

ஏனென்றால் இங்கே கோடும் வர்ணமும் விலையை ஏற்றுவது குறைவு. ஏழு வயதில், போர்வைக்குள் படுத்துக்கொண்டு, அம்மா வாசிக்கக் கேட்ட நினைவுதான் ஏற்றுகிறது. அந்தப் புத்தகத்தை எத்தனை பேர் அப்படிக் கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் இப்போது பணம் இருக்கிறது? முக்கால்வாசி விலை அதற்குள் அடங்கிவிடும்.

சந்தேகம் இருந்தால் ஹாரி பாட்டரின் முதல் அட்டைப்படத்தைப் பாருங்கள். 1997-ல் வந்த புத்தகத்துக்குத் தாமஸ் டெய்லர் வரைந்தது. ஓவியக் கல்லூரியை முடித்திருந்த, 23 வயதுப் பையன். கேம்பிரிட்ஜில் ஒரு சிறுவர் புத்தகக் கடையில் வேலை. வாட்டர்கலர் தாளில் வர்ணம் பூசி, மேலே கறுப்புப் பென்சிலால் கோடு போட்டு இரண்டே நாளில் முடித்துக் கொடுத்தார். அந்த எழுத்தாளரை அப்போது யாருக்கும் தெரியாது. அந்தப் படம் 2001-ல் 85,750 பவுண்டுக்கு விற்றது. 2024 ஜூனில் நியூயார்க் சோதபீஸில் 19.2 லட்சம் டாலர். ஓவியமாகப் பார்த்தால் என்ன சொல்வது? ரயில் நன்றாக வந்திருக்கிறது. பையனின் முகத்தில் ஒரு திகைப்பு இருக்கிறது. இளம் கை வரைந்த, துறுதுறுப்பான, நல்ல அட்டைப்படம். அதே பணத்துக்கு இங்கிலாந்தின் மகா ஓவியர்கள் பலரின் வாட்டர்கலர்களை மூட்டையாக வாங்கலாம். ஆனால் வாங்கியவர் வாட்டர்கலர் வாங்க வந்தவர் இல்லை. தெரிந்துதான் கொடுத்தார், அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை.

ஷெப்பர்டின் கதையில் இது இன்னும் கசப்பாக இருக்கும். முதல் உலகப்போரில் பீரங்கிப் படையில் இருந்து மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர். பஞ்ச் பத்திரிகையில் பல வருடம் கேலிச்சித்திரம் போட்டவர். கென்னத் கிரஹாமின் 'காற்றும் வில்லோ மரங்களும்' நாவலுக்கு 1931-ல் அவர் போட்ட படங்கள், என் கண்ணுக்கு, கரடிப் படங்களைவிட ஒரு படி மேல். தண்ணீரையும் நாணலையும் வெறும் மைக்கோட்டில் காட்டத் தெரிந்த கை. கடைசிக் காலத்தில் அந்தக் கரடிமேல் அவருக்கே எரிச்சல் இருந்தது, தன் மற்ற வேலை அத்தனையையும் அது மறைத்துவிட்டது என்று. இவ்வளவுக்கும் அந்தக் கரடிக்கு மாதிரியாக உட்கார்ந்தது கதாசிரியர் மில்னின் மகனுடைய பொம்மை அல்ல, ஷெப்பர்டின் சொந்த மகன் கிரஹாமின் பொம்மைக் கரடி. இன்றைக்கு அதே கை, அதே பேனா, அதே வருடங்களில் பஞ்ச் இதழுக்கு வரைந்த கேலிச்சித்திரம் ஒன்றைக் கரடிப் படத்தின் விலையில் ஒரு துண்டுக்கு வாங்கிவிடலாம். கோட்டில் எந்தக் குறையும் இருக்காது. கரடி இருக்காது, அவ்வளவுதான்.

அப்புறம், ஷெப்பர்டின் படம் என்று சொன்னால் எந்தப் படம் என்று கேட்க வேண்டும். புத்தகத்துக்காகப் போட்ட பென்சில் வரைவுகளை 1970-களில் அவரே விக்டோரியா அண்டு ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அவை வெளியே வராது. மையில் முடித்து அச்சுக்குப் போன படங்கள்தான் சந்தையின் உச்சம். போதாததற்கு, பிற்காலத்தில் பழைய காட்சிகளையே அவர் திரும்ப வரைந்தும் கொடுத்திருக்கிறார், வர்ணப் பதிப்புகளுக்காகப் புதிதாகவும் வரைந்திருக்கிறார். எல்லாம் அவர் கைதான், எல்லாம் அசல்தான். 1926-ல் அச்சகத்துக்குப் போன படத்துக்கும், பல பத்தாண்டு கழித்து ஒருவர் கேட்டதற்காக வரைந்த படத்துக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கும். கேட்லாக்கில் ஆண்டு எங்கே போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். போடவில்லை என்றால் ஏன் போடவில்லை என்று கேளுங்கள்.

'அசல்' என்பதைப் பற்றி நிறையப் பேசலாம். எனக்குப் பிடித்த விஷயம் அதுதான்.

1865-ல் வந்த, லூயிஸ் கரோலின் 'அற்புத உலகில் ஆலிஸ்' கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜான் டெனியலின் படங்களை அறியாதவர் இல்லை. அந்தப் படங்களின் அசல் எங்கே? அந்தக் காலத்தில் ஓவியர் தாளில் யோசித்து முடித்தபின், பென்சிலால் மரக்கட்டையின் மேல் இடவலம் மாற்றி வரைவார். டால்சியல் சகோதரர்களின் பட்டறையில் செதுக்குகிறவர்கள், வெள்ளையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் குடைந்து எடுத்துவிடுவார்கள். படம் அச்சுக்குத் தயாராகிற அந்தக் கணத்தில் டெனியலின் பென்சில் கோடு மறைந்துபோகும். மிஞ்சுவது முன்வரைவுகளும், பின்னால் அவரே வரைந்து கொடுத்த பிரதிகளும், கட்டையும்தான். கட்டையிலிருந்து நேரே அச்சடிக்கவில்லை, அதை வைத்து உலோக அச்சு எடுத்து அதில்தான் அடித்தார்கள். அதனால் கட்டைகள் தேயாமல் இருந்தன. 1985-ல் லண்டனில் ஒரு வங்கியின் நிலவறையிலிருந்து அவை வெளியே வந்தன, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை அசல் என்று சொன்னால் அது டெனியலுடையதா, செதுக்கியவருடையதா? எனக்குச் செதுக்கியவர் பக்கம்தான் மனசு சாய்கிறது. ஆலிஸின் தலைமுடியில் ஒவ்வொரு இழையையும் மிச்சம் வைத்து இரண்டு பக்கமும் குடைந்தவர் அவர். அவர் பெயர் யாருக்குத் தெரியும்?

நூறு வருடத்துக்குள் இதே கதை வேறு மாதிரி நடந்தது. கேத்லீன் ஹேல் என்ற பெண்மணி 1938-லிருந்து ஆர்லண்டோ என்ற மஞ்சள் பூனையைப் பற்றிப் பெரிய அளவுப் புத்தகங்கள் போட்டார். வர்ண அச்சுக்குப் பிளேட் எடுக்கும் செலவைக் குறைக்க, இப்ஸ்விச் ஊரின் கவல் அச்சகத்தில் ஓவியர்களையே பிளேட்டில் நேராக வரையவைத்தார்கள். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. பிறகு பிளாஸ்டோகவல் என்று சொரசொரப்பான பிளாஸ்டிக் தாள் வந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து வரையலாம். ஒவ்வொரு தாளிலும் ஓவியர் போடுவது கறுப்புதான். வர்ணம் அவர் மனசில் இருக்கும், காகிதத்தில் முதன்முதலாகத் தெரிவது அச்சு இயந்திரத்தில். ஆக, அப்படி வந்த புத்தகத்தில் அந்தப் பூனையின் மஞ்சள் எந்த 'அசல்' படத்திலும் கிடையாது. புத்தகம்தான் அசல். இப்படிப்பட்ட புத்தகங்களுக்கு 'அசல் வர்ண ஓவியம்' என்று யாராவது நீட்டினால், அது முன்மாதிரியாகப் போட்டதா, பின்னால் விற்பனைக்குப் போட்டதா என்று கேட்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

ரோல்ட் தாலின் சிறுவர் கதைகளுக்குப் படம் போட்ட க்வென்டின் பிளேக்கின் வழி இதற்கு நேர் எதிர். அவருக்கு ஒரு காட்சிக்கே பல அசல். முதலில் ஒரு கரடுமுரடான வரைவு. அதை ஒளிப்பெட்டியின்மேல் வைத்து, அதன்மேல் நல்ல தாளை வைத்து, கீறுகிற நிப்பால் வரைவார். கீழே இருப்பது மங்கலாகத்தான் தெரியும், அதனால் கை தடம் பார்த்து ஊர்ந்து போகாது, புதிதாகவே வரையும். பிடிக்கவில்லையென்றால் இன்னொரு தாள், இன்னொரு தடவை. புத்தகத்துக்குப் போகாத அந்த மாற்றுப் படங்களை 2018-ல் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் மூலமாக விற்று, வந்த பணத்தைத் தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார். அச்சில் வராத படம் என்பதால் மட்டம் என்று நினைத்தவர்கள் அந்த ஏலத்தில் குறைவு. சில சமயம் ஓவியர் ஒதுக்கிய படத்தில்தான் கோடு இன்னும் துள்ளலாக இருக்கும். கதைக்குப் பொருந்தாத ஏதோ ஒரு முகபாவனைக்காக அதை ஒதுக்கியிருப்பார்.

பீட்டர் முயலை உருவாக்கிய பியாட்ரிக்ஸ் பாட்டர் இந்த அசல்-பிரதி குழப்பத்தைத் தெரிந்தே பயன்படுத்தினார். 1927-ல் விண்டர்மியர் ஏரிக்கரையில் ஒரு நிலம் கட்டடக்காரர்கள் கைக்குப் போகாமல் காப்பாற்றப் பணம் திரட்டினார்கள். அதற்காக, பீட்டர் முயல் புத்தகத்தின் படங்களைத் தன் கையாலேயே திரும்ப வரைந்து, கையெழுத்திட்டு, 50 படங்களை பாஸ்டனுக்கு அனுப்பி விற்றார். அச்சில் வந்த படத்தின் நகல்தான், ஆனால் வரைந்தது அவர். என்ன பெயர் வைப்பீர்கள் அதற்கு? 1943-ல் இறந்தபோது 14 பண்ணைகள், 4,000 ஏக்கருக்குமேல் நிலம், இயற்கையையும் பழைய கட்டடங்களையும் காக்கிற நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குப் போனது. என் அக்கா சொன்னதை அந்த அம்மாள் செய்தே காட்டிவிட்டார். முயலை வைத்து மலைப்பக்கமே வாங்கிப்போட்டார்.

சரி, நம் மாதிரி ஆட்களுக்கு வருவோம்.

ஒரு கிராமத்து ஏலத்தில், உடைந்த ஃபிரேம்கள் நிறைந்த பெட்டியோடு சேர்த்து, நாற்பது பவுண்டுக்கு ஒரு படம் வாங்கினேன். கையெழுத்து இல்லை. மழையில் நனைந்த தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு வாத்துக் கூட்டம் சாலையைக் கடக்கக் காத்து நிற்கிறார். உடையையும் சைக்கிளையும் பார்த்தால் 1930-கள். ஏதோ ஒரு சிறுவர் ஆண்டுமலருக்கு வரைந்ததாக இருக்க வேண்டும். கடையில் சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு பின்பலகையைக் கழற்றினேன். மலிவான அட்டையின் அமிலம் படத்தைச் சுற்றிச் செவ்வகமாகப் பழுப்புக் கோடு போட்டிருந்தது. முதுகில் காய்ந்து உடைந்த மாஸ்கிங் டேப், பாதி அழிந்த ரப்பர் ஸ்டாம்பு. இதுவரை எல்லாம் நஷ்டக் கணக்கு. விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் படம் பேச ஆரம்பித்தது. மழைக்கோடுகளை அவர் பேனாவால் போடவே இல்லை. கறுப்பு காய்ந்த பிறகு பிளேடு முனையால் கீறி, தாளின் வெள்ளையை மேலே கொண்டுவந்திருக்கிறார். சாலையில் தேங்கிய தண்ணீர் வெறும் காலித் தாள், சுற்றிலும் நாலு கோடு. மூன்றாவது வாத்தின் கழுத்தில் வெள்ளை வர்ணம் தடித்து நின்றது. முதலில் அந்த வாத்து முன்னால் பார்த்திருக்கிறது, அதை மூடிவிட்டுத் தபால்காரரைத் திரும்பிப் பார்க்கவைத்திருக்கிறார். அந்த ஒரு திருத்தத்தில் படம் நகைச்சுவையாகிவிட்டது.

ஓரத்தில் வெளிர் நீலப் பென்சிலில், ஐந்து அங்குலத்துக்குக் குறைக்கச் சொல்லி ஒரு குறிப்பு. நீலம் ஏனென்றால், அச்சுக்கான உலோகத் தகட்டை, அதாவது பிளாக்கை, எடுக்கிற காமிராவில் வெளிர் நீலம் பதியாது. அச்சகத்துக்கு வேண்டியதையெல்லாம் படத்தின் மேலேயே எழுதலாம், துத்தநாகத் தகட்டில் வராது. படம் அந்த அளவைப்போல் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம். பெரிதாக வரைந்து சிறிதாக அச்சடித்தால் கோடு கூர்மையாகும், கை நடுக்கம் தெரியாது. இதையெல்லாம் கூட்டிக் கழித்துத்தான் அவர்கள் வரைந்தார்கள். இந்தக் குறிப்புகளை 'அழுக்கு' என்று நினைத்து, படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையான மவுண்டால் மறைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்கள் உண்டு. நான் சண்டை போடாத குறையாகத் தடுப்பேன். படம் அச்சகம் போய் வந்ததற்கு அதைவிடச் சாட்சி கிடையாது. விலையும் அதற்குத்தான் ஏறும்.

பின்னால் வந்த பத்தாண்டுகளின் படங்களுக்கு வேறு வியாதிகள். 'கவ் கம்' என்று ஒரு ரப்பர் பசை, இங்கே எல்லா ஸ்டூடியோ மேசையிலும் இருந்தது. அதில் ஒட்டிய துண்டுகள் இன்றைக்குப் பழுப்பாகிக் கழன்று விழுகின்றன. 1960, 70-களின் பளிச்சென்ற சாய மைகளும் ஃபெல்ட் பேனாக்களும் வெளிச்சத்தில் வெளிறிப்போகும். புத்தகத்தில் ஊதாவாக இருக்கும் வானம் அசலில் சாம்பலாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிறகு சுழலும் டிரம் ஸ்கேனர் வந்தது. தடித்த அட்டையில் வரைந்ததை அதன் உருளையில் சுற்ற முடியாது, அதனால் அட்டையின் மேல்தோலை மட்டும் உரித்து எடுத்தார்கள். அந்த உரித்த தோலில் மடிப்பும் விரிசலும் விழுந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். படம் வாங்குகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்க்கிற நேரத்தில் பாதியாவது முதுகைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஃபிரேமைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் நான் அந்த இடத்தில் நிற்பதில்லை.

ஏமாற்று என்று பார்த்தால், கள்ளப் படம் வரைந்து விற்பதைவிடச் சாதாரணமாக நடப்பது இன்னொன்று. ஆர்தர் ராக்கம் தெரியும்தானே, முறுக்கேறிய மரங்களும் வேர்களுக்குள் முகங்களும் வரைந்தவர். 1905-ல் ரிப் வான் விங்கிள், 1906-ல் கென்சிங்டன் தோட்டத்துப் பீட்டர் பான். புத்தகம் வரும் நேரத்தில் லெஸ்டர் கேலரீஸில் அதன் அசல் ஓவியங்களைக் கண்காட்சி வைத்து விற்றார்கள். புத்தகமே கண்காட்சிக்கு விளம்பரம், கண்காட்சி புத்தகத்துக்கு விளம்பரம். அந்தக் காலத்து மூவர்ண அச்சுக்கு வழவழப்பான தாள் வேண்டும் என்பதால் படங்களைத் தனியாக அடித்து, புத்தகத்தில் மேல் ஓரத்தை மட்டும் ஒட்டியிருப்பார்கள். கழற்றுவது சுலபம். கழற்றி, ஃபிரேம் போட்டு, 'ராக்கம் ஒரிஜினல், 1906' என்று விற்பார்கள். பொய் என்றும் சொல்ல முடியாது, 1906-ல் அடித்த தாள்தான். ஒருமுறை ஒரு பெரியவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்து விலை உயர்ந்த கண்ணாடி போடச் சொன்னார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தேன். வர்ணம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருந்தது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, ஃபிரேமாவது நல்லா இருக்கட்டும்" என்கிற தோரணையில் அதே கண்ணாடியைப் போடச் சொல்லிவிட்டார்.

கேட்லாக் மொழியும் பழக வேண்டும். ஓவியரின் முழுப் பெயர் மட்டும் இருந்தால் அவர் வரைந்தது என்று ஏலக்காரர் பொறுப்பேற்கிறார். 'அவருடையதாகக் கருதப்படுகிறது' என்றால் பாதிப் பொறுப்பு. 'அவர் பாணியில்', 'அவரைப் பின்பற்றி' என்றால் கைகழுவிவிட்டார் என்று அர்த்தம்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுத்தியல் விழும் விலை நீங்கள் கொடுக்கும் விலை அல்ல. பெரிய ஏல நிறுவனங்களில் அதன்மேல் கால் பங்குக்கும் கூடுதலாக வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு வாட் வரி. பத்திரிகையில் வரும் சாதனை விலைகள் பொதுவாகக் கட்டணம் சேர்த்துச் சொல்வது. பிரிட்டனில் 2006 முதல் மறுவிற்பனை உரிமை என்று ஒன்றும் உண்டு. வியாபாரிகள் மூலம் நடக்கும் விற்பனையில், 1,000 பவுண்டும் அதற்கு மேலும் போனால், ஒரு சிறு சதவீதம் ஓவியருக்குப் போக வேண்டும். 2012 முதல், ஓவியர் இறந்து 70 வருடம் வரை வாரிசுகளுக்கும் போகிறது. காலமெல்லாம் ஒரு தடவைச் சம்பளத்துக்குப் படம் போட்டுக் கொடுத்த கூட்டம் இது, நான் முணுமுணுக்காமல் கொடுப்பேன். படத்தை வாங்கினால் காப்புரிமை அதோடு சேர்ந்து வராது என்பதையும் சிலர் நம்ப மறுக்கிறார்கள். சுவரில் மாட்டலாம், விற்கலாம், வாழ்த்து அட்டையாக அடித்து விற்க முடியாது.

அதேபோல ஒரே படத்துக்கு ஒரே நாளில் இரண்டு மதிப்பு இருக்கும். இன்ஷூரன்ஸுக்கு எழுதுவது, தொலைந்தால் நல்ல கேலரி ஒன்றில் திரும்ப வாங்க ஆகும் தொகை. நாளைக்கே விற்றால் கைக்கு வருவது அதில் பாதிகூடத் தேறாமல் போகலாம். 'மதிப்பு' என்று யாராவது காகிதத்தைக் காட்டினால் எந்த மதிப்பு என்று கேளுங்கள்.

என் வீட்டுக்காரர் சென்னையில் கான்வென்டில் படித்தவர். எனிட் பிளைட்டனின் 'ஃபேமஸ் ஃபைவ்' இருபத்தோரு புத்தகமும் அவருக்கு மனப்பாடம். அவற்றுக்குப் படம் போட்டவர் ஐலீன் சோப்பர். பதினைந்து வயதிலேயே ராயல் அகாடமியில் அவருடைய செதுக்கோவியத்தைக் காட்சிக்கு வைத்தார்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் காடுபோல வளர்ந்த தோட்டத்துக்கு நடுவே வாழ்ந்து, பறவையும் வளைக்கரடியுமாக (இங்கே பேட்ஜர் என்பார்கள்) வரைந்து தள்ளியவர். லண்டன் ரைடர் தெருவில் கிறிஸ் பீட்டில்ஸ் கேலரியில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புத்தக ஓவியர்களுக்காகக் கண்காட்சி நடக்கும். உள்ளே போகக் காசு இல்லை, கேட்லாக்கே ஒரு பாடப்புத்தகம். அங்கே போகும்போதெல்லாம் நான் எட்வர்ட் ஆர்டிசோன் என்ற ஓவியரின் குறுக்கும் நெடுக்குமான பேனாக்கோடுகள் முன்னால் நிற்பேன், இவர் சோப்பர் மாட்டியிருக்கிறதா என்று தேடுவார். "ஏங்க, இந்த வளைக்கரடியைப் பாருங்க, எப்படி வரைஞ்சிருக்காங்க" என்றால், "அதுல டிம்மி நாய் இல்லையே" என்பார், ஃபேமஸ் ஃபைவில் வருகிற நாயைச் சொல்லி. விலைச் சீட்டும் அவர் சொன்னதையேதான் சொல்லும். ஒரே பெண்மணி, கவனமாகப் பார்த்து வரைந்த வளைக்கரடியைவிட அவசரமாகப் போட்ட நாய் விலை அதிகம்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை உண்டா என்றால், முழுக்க இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு கன்னியாஸ்திரி கொண்டுவந்த லேடிபேர்ட் புத்தகங்கள் இருந்தன. பீட்டர், ஜேன், பேட் என்ற நாய், ஒரு சிவப்புப் பந்து. 1964-ல் தொடங்கிய வாசிப்புத் திட்டம். ஹாரி விங்ஃபீல்ட், மார்ட்டின் எய்ட்சிசன், ஜான் பெர்ரி போன்றவர்கள் வரைந்தது. ஒரே பெரிய தாளில் முழுப் புத்தகத்தையும் அடித்து மடித்து, இரண்டரை ஷில்லிங்குக்கு முப்பது வருடம் விலை ஏற்றாமல் விற்ற நிறுவனம். அசல் ஓவியங்களை வெளியே விடாமல் அது வைத்துக்கொண்டதால் இன்று பெருந்தொகுப்பாக ரீடிங் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. போய்ப் பார்த்தேன். அச்சில் தட்டையாகத் தெரிந்த புல்வெளியில் தூரிகையால் தனித்தனியாக இழுத்த புல் இருந்தது. ஜேனின் சட்டையில் மடிப்பு மடிப்பாக நிழல். நான் பார்த்துக்கொண்டிருந்தது புல்லையா, எங்கள் இரண்டாம் வகுப்பின் சிமெண்டுத் தரையையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் படம் விற்பனைக்கு இல்லாதது என் கணக்குப் புத்தகத்துக்கு நல்லது.

வாங்க முடியாவிட்டாலும் பார்க்க வழி இருக்கிறது. லண்டனின் டேட் அருங்காட்சியகத்தில் பாட்டரின் 'குளோஸ்டர் தையற்காரர்' படங்கள் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஓவியப் படிப்பறைக்கு முன்பதிவு செய்துவிட்டுப் போனால் பாட்டரின் ஃப்ளாப்சி முயல்களை மேசைமேல் எடுத்து வைப்பார்கள், கண்ணாடி குறுக்கே இல்லாமல். வாட்டர்கலரை அப்படிப் பார்த்தால்தான் தெரியும். ஹாக்ஸ்ஹெட் ஊரில், பாட்டரின் கணவருடைய வக்கீல் அலுவலகமாக இருந்த கட்டடத்தில் நேஷனல் டிரஸ்ட் ஒரு காட்சியகம் நடத்தியிருக்கிறது, இப்போது திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போங்கள். இப்படிப்பட்ட இடங்களில் வெளிச்சம் மங்கலாக இருக்கிறதே என்று குறைபட்டுக்கொள்ளாதீர்கள். லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு, காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்பதுதான் அருங்காட்சியகங்களின் வழக்கமான வரம்பு. வீட்டில் அந்த அளவுக்கு வேண்டாம், ஆனால் ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டாதீர்கள். ரேடியேட்டருக்கு மேலேயும் வேண்டாம். அமிலம் இல்லாத மவுண்டு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி. இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மவுண்டுக்குச் செலவழியுங்கள். இது ஃபிரேம் கடைக்காரி வியாபாரத்துக்காகச் சொல்வது இல்லை, கண்ணாடியில்தான் எங்களுக்கு லாபம் அதிகம்.

இப்போதைய ஓவியர்கள் பலர் திரையிலேயே வரைகிறார்கள். டெனியலின் பென்சில் கோடு மறைந்ததுபோல, இதிலும் கையில் எடுக்க அசல் ஒன்றும் மிஞ்சாது. சிலர், புத்தகம் ஓடிய பிறகு, நன்றாக விற்ற ஒரு காட்சியைத் தாளில் வரைந்து விற்கிறார்கள். என்னுடன் வேலை செய்யும் பையன் இதை அசல் என்று ஒப்புக்கொள்வதே இல்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மையில் கை ஓடியிருக்கிறதா, அந்த வாத்தைத் திருப்பியதுபோல எங்காவது ஒரு தீர்மானம் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் வாங்குவேன், நூற்றைம்பது பவுண்டு வரைக்கும். அதற்குமேல் கேட்டால், புத்தகத்தை யார் எழுதினார்கள் என்பதற்கு என்னிடம் காசு கேட்கிறார்கள் என்று அர்த்தம்.